பேர்ல் துறைமுகம்: காரணங்கள் ஆறு, விளைவுகள் ஐந்து

ஹவாய்த் தீவில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் திடீரென்று தாக்கியதற்குக் காரணங்கள் ஆறு. விளைவுகள் ஐந்து. அப்படி எண்ணி வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் மற்றவர்கள் மேல் கோபப்படப் போகிறேன். எழுபத்து மூன்று வயதில், விஜயநகரில் மகன் கட்டிய வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, பழைய கோபத்தை எழுதுவது உடம்புக்கு நல்லதில்லை என்று மருமகள் சொல்கிறாள். ரத்த அழுத்த மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழாவது வருஷம். மைசூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராக இருந்தேன். அந்த நாளில் எஸ்.எஸ்.எல்.சி. சரித்திரம் என்றால் நோட்ஸ். எந்த யுத்தமானாலும் காரணங்கள் இத்தனை, விளைவுகள் இத்தனை என்று எண் போட்டுச் சொல்லவேண்டும். பிள்ளைகள் விரல் மடக்கிப் பாடம் செய்வார்கள். என்னுடைய நோட்ஸில் எண்கள் கச்சிதமாக இருக்கும். ஸ்டென்சில் வெட்டி உருட்டிய அந்தப் பிரதிகள் ஊரில் ஐந்து பள்ளிக்கூடங்களில் புழங்கின. எனக்கு அதில் பெருமை உண்டு. பரீட்சை போர்டு விடைக்குறிப்பு, எங்கள் பேச்சில் 'கீ', தயாரிக்க மூன்று பேரைக் கூப்பிட்டபோது அதில் நானும் ஒருவன். இரண்டாம் உலகப் போர்ப் பகுதிக்கு என் நோட்ஸையே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு காரணத்துக்கு ஒரு மார்க், ஒரு விளைவுக்கு ஒரு மார்க், கையெழுத்துக்கு ஒன்று. ஆக மொத்தம் பன்னிரண்டு.

அந்த வருஷம் என் சித்தி மகள் தனித்தேர்வராகப் பரீட்சைக்கு உட்கார்ந்தாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது, எனக்கு மூன்று வயது இளையவள். கல்யாணமாகித் திருகோணமலைக்குப் போனவள். அவள் புருஷன் அங்கே கடற்படைத் துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஸ்டோர் கணக்கராக இருந்தார். நாற்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் அந்தத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. காலையில் வேலைக்குப் போன மனிதர் திரும்பவில்லை. இவள் தனியாக மைசூருக்கு வந்து சேர்ந்தாள். அதற்குமேல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஞாயிறுகளில் தேவாலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்காருவாள். பாட்டு முடிந்ததும் போய்விடுவாள்.

வந்ததிலிருந்து ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். பத்தாவது தேறாதவர்கள் வரும் ஜூனிலிருந்து வகுப்பெடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் வீடு. அவளுக்கு வேறு வழி இல்லை. மற்றப் பாடங்களில் பயமில்லை, சரித்திரம்தான் பயம் என்றாள். வாரத்தில் மூன்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் சொல்லிக்கொடுத்தேன்.

மார்ச் முதல் வாரம் என்று ஞாபகம். ஆறு காரணங்களையும் தடங்கலில்லாமல் சொன்னாள். ஜப்பானுக்கு எண்ணெய் தர மறுத்தது முதல், பேச்சுவார்த்தை முறிந்தது வரை. பிறகு ஐந்து விளைவுகள். சொல்லி முடித்து, மடக்கின விரல்களைப் பிரிக்காமலே கேட்டாள்.

"அண்ணா, ஆறாவது ஒண்ணு இருக்கே?"

"விளைவா? இல்லம்மா. அஞ்சுதான்."

"அங்க குண்டு போட்ட அதே கப்பல்ங்கதானே நாலு மாசத்துல எங்க ஊருக்கு வந்துச்சு?"

"வந்துச்சு. அது வேற விஷயம்."

"வேறன்னா? எந்தப் பாடத்துல வருது?"

நான் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். பதினேழு பக்கம் இரண்டாம் உலகப் போர். அதில் திருகோணமலை என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினேன். ஒரு தடவைகூட இல்லை.

"பரீட்சைல கேக்க மாட்டாங்க" என்றேன்.

"சரி, ஹோகலி விடுங்க" என்றாள். அடுத்த பாடத்துக்குப் போனோம். மறுபடி அவள் அதைக் கேட்கவில்லை.

கேள்வி வந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலின் காரணங்களையும் விளைவுகளையும் எழுதுக. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நல்லா எழுதியிருக்கேன் அண்ணா" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். என் பன்னிரண்டு மார்க்கையும் வாங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

பேப்பர் திருத்துவதற்கு மே மாதம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடினோம். முப்பத்தொரு தேர்வாளர்கள், நான்கு மின்விசிறிகள், அதில் ஓடியவை மூன்று. ஒரு கட்டுக்கு இருபது பேப்பர். நான்காம் நாள், இரண்டாவது கட்டில் ஒன்பதாவது பேப்பரைப் பிரித்தேன். கன்னடத்தில் எழுதியிருந்தது. நான்கு காரணங்கள், எண் போட்டு, என் வாசகம். விளைவு ஒன்று, அமெரிக்கா போரில் இறங்கியது. அதுவும் என் வாசகம். பிறகு எண் இல்லை. பத்தி பிரிக்காமல் ஒன்றரைப் பக்கம்.

அதில் எழுதியிருந்ததை நினைவிலிருந்துதான் சொல்கிறேன். ஹவாய்க்குப் போன கப்பல்கள் வெற்றியோடு திரும்பியதால் அவற்றைத் தடுக்க யாருமில்லாமல் போயிற்று, ஆகவே அவை நாலே மாதத்தில் திருகோணமலைக்கு வந்தன. காலை ஏழு மணி தாண்டி இருந்தது, அபாயச் சங்கு கேட்டது. என் கணவர் சைக்கிளில் போய் அரைமணிகூட ஆகியிருக்கவில்லை. எண்ணெய்த் தொட்டி ஒன்று பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தது, ஊரில் உலர்த்திய துணியெல்லாம் கருப்பானது. கான்ட்ராக்டரின் ஆள் ஒரு பட்டியல் வைத்திருந்தான். அதில் நிரந்தர ஆட்களின் பெயர்தான் இருந்தது. தற்காலிக ஆட்கள் வந்தார்களா, போனார்களா என்று தனக்குத் தெரியாது என்றான். நான் மூன்று நாள் கேட்டேன். நான்காம் நாள் எல்லோரும் நடந்த பாதையில் நானும் நடந்தேன். இன்னும் எழுதியிருந்தது. அவ்வளவையும் நான் சரியாகச் சொல்ல முடியவில்லை.

தேர்வரைத் தெரிந்திருந்தால் அந்தப் பேப்பரைத் தேர்வாளர் திருத்தக்கூடாது, தலைமைத் தேர்வாளரிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. எழுந்துபோய் ஒப்படைத்தேன். பேச்செல்லாம் கன்னடத்தில்தான் நடந்தது.

"சார், இது எனக்குத் தெரிஞ்சவங்க பேப்பர்."

"நல்ல காரியம் செஞ்சீங்க, மேஷ்ட்ரே" என்று வாங்கி, நீலப் பென்சிலால் எண்ணினார். காரணம் நான்கு. விளைவு ஒன்று. கையெழுத்துக்கு ஒன்று. ஆறு மார்க். அந்த ஒன்றரைப் பக்கத்தின்மேல் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் 'பொருத்தமற்றது' என்று எழுதினார். பேப்பரில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத கிறுக்கல் வந்தால் இழுப்பார்களே, அதே கோடு. பிறகு மற்றக் கேள்விகளையும் திருத்தி, முகப்பில் கூட்டல் போட்டார். முப்பத்திரண்டு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து.

"சார், அது விளைவுதான். அதே கப்பற்படைதான் இங்கே வந்தது."

"கீயில இருக்கா?"

"இல்லை."

"கீ யாரோடது?"

கேட்டுவிட்டு அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"பாவம், கஷ்டப்பட்ட பெண்பிள்ளை. மனு எழுதவேண்டிய இடத்தில் எழுதாமல் விடைத்தாளில் எழுதிவிட்டாள்" என்றார்.

பக்கத்து மேஜைக்காரர் தலையைத் திருப்பி, "ஆறாவது விளைவு சேர்த்தா நாங்க முப்பத்தொரு பேரும் மொதல்லேருந்து திருத்தணும், மேஷ்ட்ரே. சாப்பாடு உங்க வீட்டுல போடுவீங்களா?" என்றார். ஹாலில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்து மீதிப் பதினொரு பேப்பரையும் திருத்தினேன். ஏழு பேர் என் நோட்ஸை எழுத்து மாறாமல் எழுதியிருந்தார்கள். அந்த ஏழு பேருக்கும் பன்னிரண்டு மார்க் போட்டேன். அவர்களில் ஒருவர்கூட அந்தப் போரின் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார். கேட்டவளுக்கு ஆறு.

திருத்தத்தில் ஆட்சேபம் இருந்தால் மூன்று நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. நான் நான்கு தடவை எழுதினேன். நான்கையும் கிழித்தேன். சொந்தக்காரிக்குப் பரிந்து பேசினான் என்று ஊரில் சொல்வார்கள் என்று பயம். அறிமுகமில்லாத ஒருத்தி எழுதியிருந்தால் கட்டாயம் கொடுத்திருப்பேன். நேர்மை என்று அன்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன், அதை இங்கே எழுதவில்லை.

தினசரியில் தேறியவர்களின் எண்கள் வந்தன. அவளுடைய எண்ணைத் தேடினேன் என்று சொன்னால் பொய். அவள் நேராக வீட்டுக்கு வந்தாள். நடந்ததை அப்படியே சொன்னேன்.

"மூணு மார்க்கா?"

"மூணு."

"அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு மார்க்கூட இல்லையா அண்ணா?"

"கீயில இல்லம்மா. கீயில இல்லாதத போட முடியாது."

"கீ நீங்க எழுதுனதுன்னு அண்ணி சொன்னாங்களே."

"ஆமா."

"மார்ச்லயே கேட்டேனே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு, டம்ளரை அவளே உள்ளே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனாள். ஜூனில் அவளை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மதிய உப்புமா கிண்டும் இடத்தில் மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள்.

அக்டோபரில் மறுதேர்வு. அதற்கு முன்னால் விடைக்குறிப்புக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, விளைவுகளில் ஆறாவதாக இந்தியப் பெருங்கடல் தாக்குதலைச் சேர்க்கவேண்டும் என்றேன். ஆதாரம் கேட்டார்கள். சொன்னேன். ஹவாய்க்குப் போன விமானம் தாங்கிக் கப்பல்கள் ஆறு, அவற்றில் ஐந்து இலங்கைக்கு வந்தவை. நூலகத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்து தேடி எடுத்தது. "புத்தகத்தில் எந்தப் பக்கம்?" என்றார்கள். பாடப்புத்தகத்தில் இல்லை என்றேன். "அப்போ பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள்? எழுதாத பிள்ளைக்கு ஒரு மார்க் குறையுமே, அது நியாயமா?" என்று கேட்டார்கள். நியாயம் என்ற சொல்லை அவர்கள் வாயிலிருந்து கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். அத்தோடு பேப்பர் திருத்துவதை விட்டுவிட்டேன். என்னை யாரும் தேடவில்லை.

அக்டோபரிலும் அதே கேள்வி வந்தது. போர்டுக்குப் புதிதாகக் கேள்வி யோசிக்கச் சோம்பல் என்றுதான் சொல்வேன். பரீட்சை விட்டதும் வாசலில் நின்றிருந்தேன். அவள் பேனாவைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பன்னண்டும் வந்துரும் அண்ணா. காரணம் ஆறு, விளைவு அஞ்சு, கையெழுத்து."

"அது?"

"எது?"

"திருகோணமலை."

"எழுதல."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. "ஏன் எழுதல? அஞ்சையும் எழுதிட்டு ஆறாவதா எழுதியிருக்கலாமே! மார்க் குறையாதே!" என்று தெருவிலேயே கத்தினேன். இரண்டு ஜட்கா வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சும்னே இருங்க அண்ணா, ஜனங்க பாக்குறாங்க" என்றாள். "பாஸ் ஆகவேண்டியது நீங்களா, நானா?"

பாஸானாள். அறுபத்தோரு மார்க். தை பிறந்ததும் வேலை நிரந்தரமாயிற்று. அதே ஒன்றாம் வகுப்பில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். நானும் அதே நோட்ஸைத்தான் ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொடுத்தேன். வகுப்பில் ஆறாவது விளைவைச் சொல்வேன். பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். பரீட்சைக்கு வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு அநியாயமும் உண்டு. திருத்திய விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலம் வைத்திருந்துவிட்டுப் பழைய காகிதமாகத் தள்ளிவிடுவது போர்டின் வழக்கம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கலாம் என்று தோன்றவே எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. போனபோது அங்கிருந்த குமாஸ்தா, "எந்த வருஷம்? அதெல்லாம் அப்பவே மூட்டை கட்டிப் போச்சே" என்றான். அந்தக் காகிதத்தில் ஊரில் எந்தக் கடையில் என்ன பொட்டலம் கட்டினார்களோ.

அதற்குப் பிறகு ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய், அன்று எழுதியதை மறுபடி எழுதிக் கொடு, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று கேட்டேன். முழு வெள்ளைத்தாள் நான்கும் கொண்டுபோயிருந்தேன். அவள் பிள்ளைகளின் சிலேட்டுகளை வரிசையாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு தடவ எழுதிக் குடுத்தாச்சு அண்ணா" என்றாள். "கோடு போட்டுட்டாங்க."