ரூம் காலி

மாடி அறை காலியாக இருக்கும்போதே இல்லை என்று பொய் சொல்லி, மகளின் நேர்முகத் தேர்வுக்காக வந்த ஒரு குடும்பத்தை வாசலோடு திருப்பி அனுப்பினேன். அப்பா தலையில் தொப்பி வைத்திருந்தார். அம்மா புர்கா அணிந்திருந்தார். காரணம் அவ்வளவுதான். பல ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். வேறு நல்ல காரணம் ஒன்றை ஜோடித்துச் சொல்ல எனக்கு வார்த்தைப் பஞ்சமில்லை. ஆனால் வேறு காரணம் இல்லை.

எங்கள் வீடு ஓசூருக்கு வெளியே, கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் சாலையில், பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. மற்ற நாட்களில் கம்பெனி ஷிப்ட் பஸ் போய்விட்டால் தெருவில் நாய்கூட எழுந்திருக்காது. மாணவர் சேர்க்கை தொடங்கினால் தெருவுக்கே ஜுரம் வந்துவிடும். பையும் ஃபைலுமாக அப்பாக்கள், அம்மாக்கள், நெற்றியில் விபூதியோடு பிள்ளைகள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுகளில் எப்போதும் கம்பெனி வேலையாக வந்தவர்கள் இருப்பார்கள். இந்தச் சமயத்தில் வாடகையும் ஏறிவிடும். அதனால் எங்கள் தெருவில் பலரும் மாடி அறையைக் குறைந்த வாடகைக்கு ஓரிரு இரவுகளுக்கு விடுவோம். நானும் கேட்டில் என் கையெழுத்திலேயே ஒரு போர்டு மாட்டியிருந்தேன்: ‘ரூம் காலி’.

அந்த நாட்கள் எனக்கும் என் மனைவிக்கும் திருவிழாதான். இன்றைக்கு எந்த ஊர், என்ன பேச்சு என்று காலையிலிருந்தே காத்திருப்போம். திருநெல்வேலிக்காரர் ஒருவர் தங்கிவிட்டுப் போன பிறகு ஒரு வாரம் என் மனைவி என்னை “ஏளா” என்று கூப்பிட்டாள். அது பெண்களைக் கூப்பிடும் வார்த்தை என்று தெரிந்த பிறகும் விடவில்லை.

அன்று மதியம் கேட்டில் சத்தம் கேட்டுப் போனேன்.

“போர்டு பாத்துட்டு வந்தோம் சார். ரூம் காலிங்களா?” என்றார் அப்பா. வாணியம்பாடிப் பக்கமாம். பின்னால் மனைவியும் மகளும் நின்றார்கள். மகள் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“காலிங்க,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பையை எடும்மா,” என்றார் மகளிடம்.

“இல்லைங்க, காலி ஆயிடுச்சு. ஆள் வந்தாச்சு.”

ஓட்டலில் இட்லி காலி என்றால் தீர்ந்துவிட்டது. கேட்டில் ரூம் காலி என்றால் இருக்கிறது. இரண்டையும் நாங்கள் ஒரே வாயால் சொல்கிறோம். யாருக்கும் குழப்பம் வருவதில்லை. நான் அந்த ஒரு வார்த்தைக்குள் புகுந்து ஒளிந்துகொண்டேன்.

“போர்டும் காலிங்குது, நீங்களும் காலிங்கறீங்க,” என்று சிரித்தார் அவர். “எது எந்தக் காலிங்க சார்?”

“போர்டை எடுக்க மறந்துட்டேன்.”

மகள் அண்ணாந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள். “அத்தா, மேல ஒரு அம்மா பெட்ஷீட் விரிச்சுக்கினு இருக்காங்க.”

“வர்றவங்களுக்கு விரிப்பாங்கம்மா. நீ வா,” என்றார் அவர். இப்போது அவர் சிரிக்கவில்லை.

என் மனைவி படியிறங்கி வந்தபோது அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள். கோபம் வந்தால் அவள் தெலுங்குக்கு மாறிவிடுவாள். அன்று தமிழிலேயே பேசினாள். அது இன்னும் மோசம்.

“அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. நானும் சிரிச்சேன். என்னையும் சேத்து பொய்க்காரி ஆக்கிட்டீங்க.”

“லாட்ஜுக்குப் போவாங்க.”

“லாட்ஜுக்காரன் கேக்கற வாடகை குடுக்க முடிஞ்சா நம்ம போர்டைப் பாத்து எதுக்கு வர்றாங்க? நாளைக்குக் காலையில இன்டர்வியூ. நேரத்துக்குப் போகலைன்னா சீட்டு போச்சு. ஸ்கூட்டரை எடுங்க.”

எடுத்தேன். அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். வெட்கப்பட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமே இல்லை என்பதுதான் உண்மை. பிடித்துவிட வேண்டும், பிடித்துவிட வேண்டும் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. லாரிகளுக்கு நடுவே நான் அப்படி வண்டி ஓட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. “லெப்டுல போங்க!” “அந்த ஷேர் ஆட்டோவுல பாருங்க!” என்று அவள் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

முதல் லாட்ஜில் நான் வாய் திறப்பதற்குள், “காலி இல்லா சார்,” என்றான் கன்னடம் கலந்து ஒரு பையன்.

“ரூம் வேண்டாம்பா. தொப்பி போட்ட ஒருத்தர், கூட வீட்டுக்காரம்மா, பொண்ணு...”

“பாயா? வந்தாங்க. வாடகை கேட்டாங்க. அந்தப் பொண்ணே அவரைக் கையப் புடிச்சு இழுத்துக்கினு போயிட்டா.”

அடுத்த லாட்ஜ் முழுவதும் கல்யாணக் கூட்டம். ஒரு பெரியம்மா எங்களுக்குச் சந்தனம் நீட்டி, “மாப்ளை வூடா, பொண்ணு வூடா?” என்றார்.

“பொண்ணு வீடு. பொண்ணைத்தான் தேடிக்கினு இருக்கோம்,” என்றாள் என் மனைவி. அந்த அம்மாள் திகைத்துப்போய் நின்றார்.

பஸ் ஸ்டாண்டில், தேன்கனிக்கோட்டை பஸ் நிற்கும் இடத்தில் அவர்களைக் கண்டோம். மகளைப் பார்த்ததும் நான் வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் இறங்கப் போய், மனைவியோடு சேர்ந்து விழ இருந்தேன். தேன்கனிக்கோட்டையில் தெரிந்த புளி வியாபாரி ஒருவர் இருக்கிறாராம். அங்கே தங்கிவிட்டு விடிகாலை பஸ்ஸில் திரும்புவது அவர்கள் திட்டம்.

“அந்த பஸ்ஸை நம்பாதீங்க,” என்றேன் மூச்சு வாங்க. “காட்டு ரோடு. யானை வந்து நின்னா வண்டி நகராது. பொண்ணோட இன்டர்வியூ போயிடும்.”

அந்த அப்பா நிதானமாகச் சொன்னார். “யானைக்கு நாங்க யாருன்னு தெரியாதுங்க சார். கொஞ்ச நேரம் நின்னுட்டு வழி விட்டுரும்.”

“நான் பொய் சொன்னேன்,” என்றேன். கண்டக்டர் “கோட்டை, கோட்டை” என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காதில் விழவில்லை போலும் என்று, “ரூம் இருக்குது. நான் பொய் சொன்னேங்க!” என்று உரக்கச் சொன்னேன். பஸ்ஸிலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

“மொதல் தடவையே கேட்டுச்சுங்க,” என்றார் அவர்.

என் மனைவி அவரை விட்டுவிட்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான்தாங்க மேல பெட்ஷீட் விரிச்சவ. இவரை அப்புறம் பாத்துக்கலாம். பொண்ணுக்குத் தூக்கம் வேணும்.”

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். “காலையில இவ லேட்டாப் போகக் கூடாது,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தார். பிறகு பையை மகளிடம் கொடுத்தார். “நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் புளிக்காரர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன். போகலைன்னா தப்பாப் போயிடும்.” பஸ் ஏறிவிட்டார். புளிக்காரர் ஒரு சாக்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை என் மனைவி அந்தப் பெண்ணை இரண்டு இட்லிக்கு மேல் தின்ன வைக்கப் பெரும் பாடுபட்டாள். வளாகத்து கேட் திறக்கும் முன்பே நாங்கள் நால்வரும் அங்கே நின்றோம். எனக்கே இன்டர்வியூ போலச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அப்பாவிடமிருந்து போன் வந்தது. வழியில் யானை, குட்டியும் கூட இருக்கிறது, பஸ் நின்றுவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது மகள் உள்ளே போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

“யானை வழி விட்டுச்சாண்ணா?” என்று என் மனைவி கேட்டாள்.

“விட்டுச்சும்மா,” என்றார் என்னைப் பார்க்காமல். “ரொம்ப நேரம் யோசிச்சுது.”

நால்வரும் சிரித்தோம். நான் சற்றுப் பிந்திச் சிரித்தேன். அப்போதுதான் மகள் ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “கெடச்சிருச்சு அத்தா!” என்ற சத்தத்தில் செக்யூரிட்டிகூட எழுந்து நின்றுவிட்டார். அவள் முதலில் அப்பாவிடம் போனாள், அடுத்து அம்மாவிடம், பிறகு என் மனைவியிடம். என்னிடம் வந்து ஒரு கணம் தயங்கி, “தேங்க்ஸ் சார்,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் போர்டைக் கழற்றி, பழையதை அழித்துவிட்டு ‘ரூம் இருக்கு’ என்று எழுதினேன். இல்லாத நாளில் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறேன். யார் வந்து கேட்டாலும் சாவியை எடுத்த பிறகுதான் பேரைக் கேட்கிறேன்.

அந்தப் பெண் இப்போது வளாகத்து ஹாஸ்டலில் இருக்கிறாள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை என் மனைவியைப் பார்க்க வருவாள். சேர்க்கை தொடங்கியதும் அவள் அப்பாவிடமிருந்து போன் வரும். “சார், எங்க ஊர்லருந்து ரெண்டு பேர் வர்றாங்க. இருக்குங்களா?” காலியா என்று அவர் கேட்பதே இல்லை. “இருக்கு, வரச் சொல்லுங்க,” என்பேன். மனைவி கேட்பதற்கு முன்பே மாடிச் சாவியைத் தேடத் தொடங்கிவிடுகிறேன்.

மகளைப் பார்க்க அவரும் வருகிறார். கேட்டில் நின்று தண்ணீர் வாங்கிக் குடிப்பார், என் மனைவியிடம் யானைகளின் சௌக்கியம் சொல்வார். இன்றுவரை மாடி ஏறியதில்லை. போன தடவை கேட்டே விட்டேன்.

“நீங்க எப்பங்க தங்கப் போறீங்க?”

“புளிக்காரர் காத்துக்கினு இருப்பார் சார்,” என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.