ஜவ்வு தானாக ஒட்டிக்கொள்ளும்

சூளகிரிப் பக்கத்துக் கல்குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுவதில் பிரகாசத்துக்கு இணை கிடையாது. இரண்டு பேர் தூக்கும் கல்லைத் தனியாகத் தலைக்கு ஏற்றிவிடுவான். 1968 ஆடி மாதம், இரண்டு கற்களுக்கு நடுவே பாதம் சிக்கியிருக்க, தலைச்சுமையோடு உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் கயிறு அறுந்தாற்போல 'டப்' என்று ஒரு சத்தம். பொழுது சாய்வதற்குள் முட்டி வீங்கி மினுமினுத்தது.

மனைவி தேவமணியோடு கல் லாரியிலேயே பெங்களூருக்குப் போனான். தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்தார். பிறகு காலை மடக்கி வைத்து, முன்பக்கமாக இழுத்துப் பார்த்தார்.

"எலும்பு உடையலப்பா. எலும்புகளைச் சேத்துப் பிடிச்சிருக்கிற ஜவ்வு அறுந்திருக்கு. திறந்து தைக்கணும். மூணு வாரத்துக்குள்ள வந்துடு. தள்ளிப் போனா நுனி சுருங்கிடும், தைக்க ஒண்ணும் மிஞ்சாது. தைச்சப்புறம் ரெண்டு மாசம் மாவுக்கட்டு."

வைத்தியம் இலவசம். இடித்தது அந்த இரண்டு மாதம்தான். அவன் குடிசை குவாரி காண்டிராக்டர் வெங்கடப்பனின் நிலத்தில் இருந்தது. வேலைக்கு வராதவனுக்கு அங்கே இடமில்லை.

வெங்கடப்பன் எக்ஸ்ரே படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஏமிரா பிரகாசம், எலும்பெல்லாம் ஜம்முனு இருக்குதே! எங்கடா உடைஞ்சிருக்கு?"

"எலும்பு இல்லீங்க சாமி. ஜவ்வு."

"ஜவ்வா? ஜவ்வுமிட்டாயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பாதிய எனக்குப் பிச்சுக் குடுடா!" என்றான் லாரி டிரைவர் கங்கப்பன்.

"இழுத்தா நீளும், விட்டா தானா ஒட்டிக்கும். அதுக்குப் பேருதான்டா ஜவ்வு," என்றார் வெங்கடப்பன். "இதுக்குப் போயி கத்தி வெப்பாங்களா? ரெண்டு மாசம் படுக்கணும்னா வேற இடம் பாத்துக்க."

எலும்பு உடைந்திருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். படத்தில் விழாத காயம் ஏழைக்கு வந்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

சர்ச் உபதேசியார் வந்து ஜெபம் பண்ணி எண்ணெய் பூசினார். வெங்கடப்பன் வீட்டிலிருந்து ஆஞ்சநேயர் கோயில் எண்ணெய் வந்தது. இரண்டு சாமி எண்ணெயும் தோலுக்கு மேலேயே நின்றன.

"குடிசை போனா போவுது, வா போலாம். கால் போனா யாரு தருவாங்க?" என்றாள் தேவமணி.

"மழையில கொழந்தைய எங்கடி படுக்க வெப்பே?"

அவன் நொண்டியபடியே வேலைக்குப் போனான். மூன்று வாரமும் கடந்தது. வீக்கம் வடிந்தது, வலியும் குறைந்தது. தானாக ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பிரகாசமே நம்பத் தொடங்கினான். அதைவிடப் பெரிய மோசம் வேறில்லை.

கார்த்திகையில் கல்லோடு சரிவில் இறங்கும்போது முட்டி கழன்றுகொண்டது. விழுந்தான். எழுந்து சுமந்தான், மறுபடி விழுந்தான். பெங்களூரில் அதே டாக்டர் காலை இழுத்தபோது மேசை இழுப்பறை போல எலும்பு முன்னால் வந்தது.

"ஏன்பா வரல?"

"தானா ஒட்டிக்கும்னாங்க சார்."

டாக்டர் காலை மெல்லக் கீழே வைத்தார். "இப்போ தைக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லப்பா."

அதற்குப் பிறகு அவன் பெண்களோடு உட்கார்ந்து அரைக்கூலிக்கு ஜல்லி உடைத்தான். சமதரையில் மெதுவாக நடக்க முடியும். சரிவுதான் ஆகாது.

அடுத்த கோடையில், கல் சுமக்கும் இன்னொருவனான ஆஞ்சப்பனின் முட்டி அதேபோலத் திருகிக்கொண்டது. வெங்கடப்பன் அவனைக் கைத்தாங்கலாக ஜல்லிக் குவியலுக்கு நடத்திவந்தார்.

"இவனுக்கும் இதே ஜவ்வுதான்டா. கத்தியுமில்ல, கட்டுமில்ல. பிரகாசம், நடந்து காட்டு."

பிரகாசம் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்தான். எதிரே சமதரை. இடப்பக்கம் லாரிச் சரிவு. பக்கத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த தேவமணி அவன் கண் போன திசையைப் பார்த்துவிட்டு, "வேணாய்யா!" என்று கத்தினாள்.

அவன் சரிவில் இறங்கினான். இரண்டாவது அடியில் முட்டி மடங்க, கருங்கல்லில் முகம் மோத உருண்டு கிடந்தான். யாரோ பழக்கதோஷத்தில் சிரித்தார்கள்.

"பாத்துக்க ஆஞ்சப்பா," என்றான், வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு. "ஒட்டினது இதான். இன்னிக்கே பஸ் ஏறு."

ஆஞ்சப்பன் அவன் காலைப் பார்த்தான். பிறகு காண்டிராக்டர் நிலத்தில் வரிசையாக நின்ற குடிசைகளில் தன்னுடையதைப் பார்த்தான்.