வலைப்பந்துக்கு ஓர் அம்பயர்

ரப்பர் விலை விழுந்த வருடங்களில் எங்கள் கல்லூரியில் முதலில் நிறுத்தப்பட்டது சுவர்களுக்கு வெள்ளையடிப்பது. அதற்கடுத்து, வேலையை விட்டுப் போனவர்களின் இடத்தில் புது ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். பெண்கள் பிரிவில் விளையாட்டைக் கவனித்துவந்த இங்கிலாந்துக்கார மிஸ், கெடாவில் ரப்பர் தோட்டம் நடத்தும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனார். அவர் இடத்துக்கு விளம்பரம் கொடுக்க வேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. மறுநாள் காலை தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆசிரியைகளில் நீதான் வயதில் குறைந்தவள். விளையாட்டை நீ பார்த்துக்கொள். கூடுதல் சம்பளம் கிடையாது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது" என்றார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கீழ் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் ஓடியதே இல்லை. முடியாது என்று சொல்லத் தெரியாமல் சரி என்றேன்.

கல்லூரி என்று பெயரே தவிர, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் அது ஒரு சிறிய இடம். ஆண்கள் பிரிவு ஒரு பக்கம், பெண்கள் பிரிவு ஒரு பக்கம், நடுவில் ஒரு சுவர். இரண்டுக்கும் ஒரே கமிட்டி. அந்தப் பக்கம் கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி மூன்றும் இருந்தன. கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள், புல் வெட்டவும் உருளை இழுக்கவும் இரண்டு ஆட்கள், போட்டிக்கு வருகிறவர்களுக்குத் தேநீரும் கேக்கும். எங்கள் பக்கம் இருந்தது வலைப்பந்து ஒன்றுதான். இரும்பு வளையம் மாட்டிய இரண்டு மரக் கம்பங்கள், வருடத்துக்கு ஒரு பந்து, வெளியே போய் ஆட ஒரே ஒரு தடவைக்கு ரிக்‌ஷா கூலி. ஆள் என்று பார்த்தால் நான் மட்டும்.

அந்த ஒரு தடவை போவதற்கும் இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. வயதுவந்த பெண்பிள்ளைகளைக் கல்யாணமாகாத டீச்சரோடு தனியாக அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. கூட ஒரு பெரிய மனுஷி வர வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியை யோசித்துவிட்டு, "ஆயாவை அழைத்துக்கொண்டு போ" என்றார்.

ஆயாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவன் இறந்தபின் பினாங்கு தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். வகுப்புகளைக் கூட்டுவது, தண்ணீர் நிரப்பி வைப்பது, சின்னப் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெளியே போகும்போது துணைக்கு வருகிறவர் பிள்ளைகளைத் தெரிந்துவைத்திருக்கட்டும் என்று சாயங்காலப் பயிற்சிக்கும் வரச் சொன்னேன். களத்து ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் அந்த ஆட்டத்தைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டேன். ராத்திரி விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு வருவேன். ஆட்டம் தொடங்கியதும், பதினான்கு பிள்ளைகளும் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டு ஓடுவார்கள். யார் எந்தக் கோட்டைத் தாண்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பயிற்சி முடிந்து பந்தை எடுத்து வைக்கும்போது ஆயா கேட்டார்.

"டீச்சரம்மா, பந்து கையில இருக்கும்போது ஓடக் கூடாதுதானே?"

"ஆமாக்கா."

"அந்த உசரமான பிள்ளை மூணு தடவை நகந்துச்சு. நீங்க ரெண்டு தடவை விட்டுட்டீங்க."

நான் புத்தகத்தில் படித்த ஒரு விதியையும் அவருக்குச் சொன்னதில்லை. பார்த்துப் பார்த்தே எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. விசிலை அவர் கையில் கொடுத்து, "தப்பு எங்க நடந்தாலும் ஊதுங்க" என்றேன். முதல் தடவை மெதுவாகத்தான் ஊதினார். யாரும் நிற்கவில்லை. இரண்டாவது தடவை ஊதியபோது எல்லோரும் நின்றுவிட்டார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டை ஒட்டியே நடந்தார். ஓடவில்லை. பந்து எங்கே போகப்போகிறதோ அங்கே முன்பே போய் நின்றார். அதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பயிற்சியில் விசில் அவருடையது. பிள்ளைகள் அவர் சொன்னதை எதிர்த்துப் பேசியதில்லை. என்னிடம் பேசுவார்கள்.

மூன்று மாதம் கழித்து, ஊரிலேயே கொஞ்சம் பெரிய பள்ளி ஒன்று எங்கள் இடத்துக்கு ஆட வந்தது. ஆட்டத்துக்கு இரண்டு அம்பயர். வருகிற பள்ளி ஒருவரைக் கொண்டுவரும், நாங்கள் ஒருவரைக் கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு முதல் நாள் மாடிப்படியில் எனக்குக் கால் பிசகிவிட்டது. கணுக்கால் வீங்கி, நடப்பதே கஷ்டமாக இருந்தது. ஆயாவிடம், "நீங்க நில்லுங்க அக்கா" என்றேன். அவர் கட்டியிருந்த சேலையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "வேற சேலை கட்டிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் வந்தார். முதல் பாதி நன்றாகப் போனது. வந்திருந்த பள்ளியின் டீச்சர் மறுபாதிக் களத்தில் நின்று ஊதிக்கொண்டிருந்தார். இடைவேளையில் என் பக்கம் வந்து சிரித்த முகமாகவே கேட்டார்.

"உங்கள் அம்பயர் எந்த வகுப்பு டீச்சர்?"

"டீச்சர் இல்லை. எங்கள் பள்ளி ஆயா."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் தலைமையாசிரியையிடம் போய் ஏதோ சொன்னார். ஒரு வேலைக்காரி விசில் ஊதித் தன் மாணவிகள் நிற்பதை அவர்களுடைய பெற்றோர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பதுதான் சாரம். குரலை உயர்த்தவில்லை. குழுவை அழைத்துக்கொண்டு கிளம்பவும் தயாராக இருந்தார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். உத்தரவு எதுவும் போடவில்லை. நீயே முடிவு செய் என்று விட்டுவிட்டதுபோல இருந்தது.

நான் எழுந்து நொண்டிக்கொண்டே ஆயாவிடம் போனேன். "விசிலைக் குடுங்க அக்கா. நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அவர் விசிலைச் சேலைத் தலைப்பில் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதியில் நான் ஒரே இடத்தில் நின்று ஊதினேன். எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கடைசிக் கோல் போட்டவள் பந்தோடு நகர்ந்துதான் போட்டாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது, நான் நின்ற இடத்திலிருந்து அவள் கால் தெரியவில்லை. ஆயாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அவர் பயிற்சிக்கு வரவில்லை. வேலையெல்லாம் எப்போதும்போலச் செய்தார். நான் பேசினால் பதில் சொன்னார். சாயங்காலம் நாலரை மணிக்குத் துடைப்பத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவருடைய வேலை நேரம் அதுவரைக்கும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூன்று மாதமும் தினம் ஒரு மணி நேரம் அவரைக் கூலி இல்லாமல் நிற்க வைத்திருந்தேன். எனக்குக் கூடுதல் சம்பளம் இல்லை என்ற மனக்குறையில் அவருக்கும் இல்லை என்பதை நினைக்கவே இல்லை.

ஒரு வாரம் போனபின் கமிட்டியின் பொருளாளரைப் பார்க்கப் போனேன். தமிழ் முஸ்லிம் வியாபாரி. கடற்கரைப் பக்கம் பாக்குக் கிடங்கு வைத்திருந்தார். உள்ளே மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"சொல்லுங்க டீச்சர்."

"ஐயா, எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டுக்குன்னு ஒரே பீஸ்தான் கட்டுறாங்க. கட்டுறதில மூணுல ஒரு பங்கு பெண்பிள்ளைங்க. செலவுல எங்களுக்கு வர்றது வருசத்துக்கு ஒரு பந்தும் ஒரு நாள் ரிக்‌ஷா கூலியும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நாலு வருசமா இந்தக் கணக்கப் பார்க்கிறேன். யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"நான் இப்பதான் கணக்குப் பண்ணினேன்."

"மூணுல ஒரு பங்கு குடுத்தா கிரிக்கெட் வாத்தியார் சம்பளத்துல கை வைக்கணும். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. தெரியுமா?"

தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அதுவரை அந்தப் பக்கத்துச் செலவெல்லாம் எனக்குத் தேநீரும் கேக்குமாகத்தான் தெரிந்தது. அந்த ஆள் கிரிக்கெட் இல்லாத ஹாக்கிக் காலத்தில் சம்பளம் இல்லாமல் இருப்பார் என்றும், அப்போது துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போவார் என்றும் பொருளாளர் சொன்னார். "அவர் சம்பளத்த விட்டுருங்க. விருந்துச் செலவு இருக்கு. அதைக் குறைச்சா சண்டை வரும். வரட்டும்லா. மாசம் நாலு வெள்ளி எடுத்துத் தர்றேன். யாருக்குன்னு எழுதணும்?"

"விளையாட்டு உதவியாளருக்கு" என்றேன். ஆயா என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது கெட்டிக்காரத்தனமா கோழைத்தனமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கமிட்டியில் சண்டை வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கேக் போய், பிஸ்கட் ஆனது. நாலு வெள்ளி கிடைத்தது. ஆயாவிடம் போய்ச் சொன்னேன். தண்ணீர்ப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நாலு வெள்ளி சரி. யாராச்சும் வந்து ஆடுற அன்னைக்கு நான் எங்க உக்காரணும்?"

 "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

அந்த ராத்திரி மூன்று பள்ளிகளுக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் தரப்பில் அம்பயராக நிற்பவர் பள்ளி ஆயா, ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர், ஆட்சேபம் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று. இரண்டு பள்ளிகள் மன்னிக்கச் சொல்லி எழுதின. மூன்றாவது, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த ஒரு சிறிய பள்ளி. அவர்களுக்கு அம்பயரே கிடையாது, உங்கள் ஆள் களத்தின் இரண்டு பாதியையும் பார்த்துக்கொண்டால் நல்லது என்று பதில் போட்டார்கள். அந்தக் கடிதத்தை ஆயாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை பெர்ரியில் போனோம். அந்தப் பள்ளியின் களம் வெறும் செம்மண். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் சிலர் வேலி ஓரம் நின்று பார்த்தார்கள். ஆயா முழுக் களத்தையும் ஒருவராகவே பார்த்துக்கொண்டார். ஆட்டம் முடியும் நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. எங்கள் உயரமான பிள்ளை வளையத்துக்குக் கீழே பந்தைப் பிடித்துத் திரும்பினாள். விசில் சத்தம் கேட்டது. கால் நகர்ந்திருந்தது. இந்தத் தடவை நானும் பார்த்தேன். பந்து அவர்கள் கைக்குப் போனது, அந்தப் பந்திலேயே கோலும் போட்டார்கள். தோற்றோம்.

திரும்பும்போது பெர்ரியில் அந்த உயரமான பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாக வந்து ஆயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நகந்தது நெசந்தான்" என்றாள். ஆயா ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் கொடுத்தார்.

அவள் எழுந்து போனபின் நான் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு உங்ககிட்ட விசிலைக் கேட்டது தப்பு."

"கேட்டது தப்பில்ல டீச்சரம்மா. அவங்க போயிட்டா பிள்ளைங்களுக்கு ஆட்டம் இல்லாமப் போயிருக்கும். எனக்கும் அது தெரியும்." காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "இவங்கதான் எங்க அம்பயர்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லிட்டுக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

நான் அழவில்லை. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். கரை வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு இரண்டு வருடம் எங்கள் குழு பெர்ரிக் காசைத் தானே போட்டுக்கொண்டு அக்கரையில்தான் அதிகம் ஆடியது. ஊருக்குள் இருந்த பெரிய பள்ளிகளோடு ஆடினால் பெயர் வந்திருக்கும் என்று தலைமையாசிரியைக்கு வருத்தம். என்னைத் தடுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. ரப்பர் விலை கொஞ்சம் ஏறியதும் இங்கிலாந்திலிருந்து ஒரு புது விளையாட்டு மிஸ் வந்தார். நான் மறுபடி கணக்குக்கு மட்டும் போனேன். பயிற்சிக்கு ஆயாவை வைத்துக்கொள்ளும்படி புது மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் ஒரு நாள் பார்த்துவிட்டுச் சரி என்றார். வெளி ஆட்டங்களில் அவரை நிற்க வைத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த வருடம் ஆயாவே வேலையை விட்டுவிட்டு, அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் என்ற ஊரில் தங்கை வீட்டோடு போய்விட்டார். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றார்.

நாலு வெள்ளி மட்டும் நிற்கவில்லை. பெண்கள் பிரிவின் விளையாட்டு உதவியாளர் என்று ஒரு வேலை கணக்கில் ஏறிவிட்டதால், அவர் போனதும் கமிட்டி அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்தது. அவளுக்குப் பந்து ஆட்டத்தில் அவ்வளவாக நாட்டமில்லை. மாதம் முடிந்து சம்பளம் வாங்கக் கைநாட்டு வைக்கும்போது, யார் இதையெல்லாம் ஏற்பாடு செய்தது என்று ஒரு தடவை என்னைக் கேட்டாள். முன்னால் இருந்தவர் என்றேன்.