அக்கா கை பட்ட மாவு

அறுபதுகளின் கடைசியில் அப்புத்தளையில் அப்பா ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். காலையில் தோசையும் வடையும் உண்டு. அந்தக் குளிரில் மாவு லேசில் புளிக்காது. அம்மா கரைத்தால் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். அக்கா கரைத்தால் மட்டும் பானை வழியப் பொங்கும்.

"மூத்தவளுக்கு ராசியான கைங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வார். ஐந்தாம் வகுப்போடு அவளைக் கடையில் நிறுத்திக்கொண்டார்கள். ராசியான கையை வீட்டில் வைத்துக்கொண்டு, ராசியில்லாத என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்திவிட்டதாகவே நான் நினைத்தேன். கணக்கில் முதலாவதாக வந்த தாளை நீட்டினாலும் அப்பா "ம்" என்பார். அக்கா பானையைத் திறந்தால் எழுந்து வந்து பார்ப்பார். எனக்கு வயிறு எரியும். அவள் அசந்திருக்கும்போது உள்ளங்கையை முகர்ந்துகூடப் பார்த்தேன். வெங்காய வாசம்தான் வந்தது.

ஒரு சாயங்காலம் அக்கா மாவை ஆட்டிவைத்துவிட்டுப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் உப்பைப் போட்டு, முழங்கைவரை கையை விட்டுக் கரைத்து, பானையை அடுப்போரம் நகர்த்தினேன். திரும்பி வந்தவளிடம், அம்மா கரைத்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"நான்தான் கரைச்சேன்!" என்றேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்கக் காத்திருந்தேன்.

அக்காவோ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, பாப்பா கரைச்சாலும் பொங்குது! வந்து பாருங்க!"

அப்பா எட்டிப் பார்த்தார். "ஆட்டுனது நீதானே? ஒன் கை பட்டதாலதான் பொங்கியிருக்கு" என்றுவிட்டுப் போனார்.

என் கை செய்ததும் அவள் கைக்கே போய்விட்டது. இனி மாவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தேன்.

பிற்காலத்தில் ஆசிரியையாகி, எல்லோருடைய தோலிலும் நுண்ணங்கிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன, உளுந்திலும் இருக்கின்றன, மாவைப் பொங்க வைப்பவை அவைதாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அம்மாவின் பானை குளிர்ந்த மூலையில் இருந்ததும், அக்காவின் பானை எப்போதும் அடுப்போரம் இருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

நான் கரைத்த மாவு பொங்கிய அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அக்கா என் பழைய கொப்பிகளில் மிஞ்சியிருந்த வெற்றுத் தாள்களைச் சேர்த்து நூலால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ கரை பாப்பா. இந்த வாட்டி நீயே ஆட்டு. அப்பாவுக்குக் காட்டுவோம். அப்பறம் நான்தான் கடையில நிக்கணும்னு இல்லியே" என்று கெஞ்சினாள்.

மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வடை சுற்றிக் கொடுக்கத்தான் தாள் சேர்க்கிறாள் என்று நினைத்தேன். வடை சுற்றும் தாளை யாராவது தைப்பார்களா என்று எனக்குத் தோன்றவில்லை.