தண்ணீருக்கு முன்னே

சென்னையில் அங்கன்வாடிப் பயிற்சி முடிந்து மன்னார்குடி பஸ்ஸில் திரும்புகிறேன். தஞ்சாவூர் தாண்டும்போது வெண்ணாற்றில் புதுத் தண்ணீர் ஓடுகிறது. கும்பிடுகிறேன், ஆனால் மனசு பதைக்கிறது. இதிலிருந்து பிரியும் எங்கள் மன்னார்குடி ஆற்றுக்கு முதல் தண்ணீர் வரும்போது மஞ்சளும் பூவும் போட்டுக் கற்பூரம் காட்டுவது வீட்டு வழக்கம். மாமியார் காட்டுவார், நான் பின்னால் நிற்பேன். அவர் சாமியிடம் போனபின் இது முதல் வருஷம். எனக்கு முன்னால் தண்ணீர் போய்விட்டால்?

"மன்னார்குடிக்குத் தண்ணி வந்துடுச்சாங்க?" என்று கண்டக்டரைக் கேட்கிறேன்.

"காலையில வரலக்கா. தண்ணிக்கும் நமக்கும் இன்னைக்கு ரேஸுதான்."

நீடாமங்கலத்தில் ஜன்னல் வழியே பூ வாங்குகிறேன். மன்னார்குடிப் பாலத்தில் எட்டிப் பார்த்தால் வெறும் மணல்தான், ஆடுகள் படுத்துக் கிடக்கின்றன.

"ஜெயிச்சிட்டீங்க. எங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுக்குங்க," என்கிறார் கண்டக்டர்.

பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். மாமியார் நின்ற ஆற்றுப்படியில் இந்த வருஷம் நான் நிற்பேன்.