ஏழாம் நம்பர் மலைக்கு இருபது கூஜா

போடியில் ஒரு கல்யாண வீட்டு மாடிப்படியில் எவர்சில்வர் கூஜா ஒன்று உருண்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் யாரோ கைதவற விட்டது. மேல்படியிலிருந்து டங் டங் என்று இறங்கி, பந்திக்கு விரித்திருந்த பாயில் வந்து நின்றது. மரை மூடி திறக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. எல்லாரும் கூஜாவைப் பார்த்தார்கள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டதால் பிறகு என்னைப் பார்த்தார்கள்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு மூன்று வாரம் முன்பு, சூரியநெல்லிக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டில், ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் அண்ணன் மனைவி, என் மதினி, வழுக்கி விழுந்துவிட்டாள். அந்த மலை, ஏணியைச் சாய்த்து வைத்ததுபோல இருக்கும். பெண்கள் காலையில் பால் இல்லாத கட்டன்சாயாவைப் பழைய பிராந்திக் குப்பியில் ஊற்றி, வாயில் துணியைச் சுருட்டி அடைத்து, இடுப்பில் கட்டிய சாக்குக்குள் செருகிக்கொண்டு ஏறுவார்கள். விழுந்த வேகத்தில் குப்பி உடைந்து மதினியின் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. காயம் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. ஆறிய பிறகும் சுண்டுவிரல் மடங்க மறுத்தது. கொழுந்து எடுக்கிறவளுக்கு விரல்தான் எல்லாம்.

நான் போடியில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன். அதனால் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எனக்கு வாத்தியார் என்று பெயர். ஃபாக்டரி மாடியில், பச்சை இலை வாடுகிற இடத்தில், தெர்மாமீட்டர் பார்த்து எழுதுவது என் வேலை. மணிக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். மீதி நேரம் மூளை சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது. கல்யாணத்திலிருந்து திரும்பும்போதே அதே மாதிரிச் சின்னக் கூஜா ஒன்றை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

நல்ல நேரத்தில்தான் கொண்டுவந்தேன். மதினிக்கு அடிபட்டதிலிருந்து மலைக்குக் கண்ணாடிக் குப்பி போகக்கூடாது என்று ஆபீஸிலும் பேச்சாக இருந்தது. கொச்சியிலிருந்து ஒரு ஏஜெண்டு நீல நிறத்தில் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தார். நாங்கள் யாரும் அதற்குமுன் அப்படி ஒரு பாட்டிலைப் பார்த்ததில்லை. ஹெட் கிளார்க் அதைச் சுண்டுவிரல் நுனியில் நிறுத்திக் காட்டினார். எஸ்டேட் மானேஜர் துரைக்கும் பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் சந்தேகம். எங்கள் பெண்கள் அதில் ஊற்றப்போவது பச்சைத் தண்ணீர் அல்ல, அடுப்பிலிருந்து இறக்கிய சாயா.

சோதித்துப் பார்க்கலாமா என்று துரையிடம் கேட்கத் தைரியம் எப்படி வந்தது என்று இன்றும் தெரியாது. ஃபாக்டரித் தெர்மாமீட்டரையும் ஒரு கெட்டில் கொதிக்கிற சாயாவையும் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வராந்தாவுக்குப் போய்விட்டேன். பிளாஸ்டிக்கில் ஊற்றியதும் அது முதலில் நெளிந்தது. பிறகு, கால் வலிக்கிறவர் மெல்ல உட்காருவதுபோல ஒரு பக்கமாக மடிந்து உட்கார்ந்தது. மிச்சமிருந்த சாயாவை முகர்ந்து பார்த்த துரை, புது மழைக்கோட்டு வாசனை என்றார். கூஜாவில் ஊற்றி, மூடியைத் திருகி, ஆபீஸ் படியில் உருட்டிவிட்டேன். கூஜாவின் வயிறு நசுங்கி ஒரு சொட்டை விழுந்தது, அவ்வளவுதான். சூடு கையைச் சுடுமே என்று கிளார்க் மடக்கினார். துணியைச் சுற்றினால் போயிற்று என்றேன்.

துரை ஒரு நிபந்தனை போட்டார். எவர்சில்வர் விலை கூடியது. ஆகவே முதலில் ஏழாம் நம்பர் மலைக்குப் போகிற இருபது பேருக்கு மட்டும். மழை முடிந்ததும் அவரே மலைக்கு வந்து பார்ப்பார். கூஜா புழக்கத்தில் இருந்தால் மற்ற மலைகளுக்கும் வாங்குவார். இல்லாவிட்டால் கிளார்க் சொல்கிற பாட்டில்தான். புழக்கத்தில் இருக்கும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். யாரையும் கேட்டுக்கொண்டு கொடுக்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் வைத்துக் கூஜாக்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொருத்தியும் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். சிலர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாக்குக்குள் செருகப்போகிற சாமானை யாராவது கண்ணில் ஒற்றுவார்களா? நான் புல்லரித்துப்போய் நின்றேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்து மதினி என்னிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டினாள். நாலு வயதாகும் தன் மகளின் பெயரை அழகாக, பெரிய எழுத்தில் எழுதிக் கொடு, பிள்ளை பார்த்துப் பழகட்டும் என்றாள். படிப்பின் அருமை தெரிந்த மதினி என்று பெருமைப்பட்டு, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன்.

மழை கொஞ்சம் வெறித்த ஒரு நாள், ஏழாம் நம்பர் கணக்குப்பிள்ளைக்கு ஃபாக்டரியிலிருந்து ஒரு சீட்டுக் கொண்டுபோனேன். சாயா குடிக்கிற நேரம். சவுக்கு மரத்தடியில் இருபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இருபது பேர் கையிலும் பிராந்திக் குப்பி. பச்சை, பழுப்பு, வாய் உடைந்தது, உடையாதது. ஒரு கூஜா இல்லை. என்னைப் பார்த்ததும் மதினி குப்பியைச் சாக்குக்கு அடியில் தள்ளினாள். அந்தக் கையால்தான் தள்ளினாள், மடங்காத விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சீட்டைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். பின்னால் ஒருத்தி, "வாத்தியாரு கோவிச்சுக்கிட்டாரு" என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஃபாக்டரி வரை கூடவே வந்தது.

சாயங்காலம் லயத்துக்குப் போய், கூஜா எங்கே என்றேன். மதினி தகரப்பெட்டியைத் திறந்தாள். பழைய சேலையில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தாள். ஒரு கீறல் இல்லை. கடையிலிருந்து வந்த பளபளப்பு அப்படியே இருந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, என் அண்ணன் மகள் பெயர். எழுத்து என்னுடையது. கடைசி எழுத்துக்கு நான் போடுகிற சுழிகூட மாறவில்லை.

"கொழுந்தனாரே, இது எங்கயாவது மலைக்குக் கொண்டுபோற சாமானா?" என்றாள் மதினி. "பிள்ளைக்குச் சீரு வைக்க வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

எல்லாரும் இப்படித்தானா என்றேன். எல்லாரும்தானாம். மகள் இல்லாதவள் தங்கைக்கு எடுத்து வைத்திருக்கிறாளாம். திருவிழாவுக்குப் போடிக்குப் போன கங்காணி பெண்டாட்டிதான் பன்னிரண்டு கூஜாவை மொத்தமாகக் கொண்டுபோய்ப் பெயர் வெட்டி வாங்கி வந்திருக்கிறாள். அண்ணனுக்கும் தெரியும். இருபது வீட்டில் தெரிந்த ரகசியம், ஒரே அடுப்பில் சாப்பிடுகிற எனக்கு மட்டும் தெரியாது.

"உங்க கையை நினைச்சுத்தானே மதினி நான் துரைகிட்ட நின்னேன்?"

"தெரியும்யா." அவள் கூஜாவை மறுபடி சேலையில் சுற்றினாள். "அந்த நீலப் பாட்டிலயே குடுக்கச் சொல்லியிருந்தீங்கன்னா தூக்கிட்டுப் போயிருப்போம். அதை எவ பெட்டிக்குள்ள வைப்பா? கெடாத சாமானா வாங்கிக் குடுத்துட்டு, கொண்டுபோயி கெடுன்னா எப்படி?"

கெடாது, உடையாது, வாசனை பிடிக்காது, பத்து வருஷம் உழைக்கும் என்று வராந்தாவில் நான் அடுக்கிய அத்தனையும் இங்கே எனக்கு எதிராக நின்றன. சாமானை எல்லா விதத்திலும் சோதித்தேன், அதை வாங்கப்போகிறவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் துண்டுத்தாள்? அதற்கு என்ன சமாதானம்? என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு எழுதித் தந்திருப்பேன். பிள்ளை பழகட்டும் என்று சொல்லி வாங்கியதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இரண்டு நாள் மதினி வைத்த சோற்றைத் தலை நிமிராமல் தின்றேன்.

மூன்றாம் நாள், ஆபீஸ் படியில் உருட்டிய என் கூஜாவில் தண்ணீர் குடிக்கும்போது, அந்தச் சொட்டை கையில் பட்டது. இதை யாரும் சீருக்கு வைக்க மாட்டார்கள் என்று தோன்றியது. இருபது கூஜாவையும் சுத்தியலால் தட்டலாம்தான், ஆனால் இருபது பேரும் என்னைத் தட்டிவிடுவார்கள். வேறு வழி இருக்கிறது. ஆபீஸ் பதிவில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர் உண்டு. இனி வாங்குகிற கூஜா ஒவ்வொன்றிலும் கைக்கு வருமுன்பே அந்த நம்பரை வயிற்றில் பெரிதாக வெட்டிவிட வேண்டும். கொழுந்துக்காரி நம்பர் போட்ட பாத்திரத்தை எந்தத் தாயும் மகளின் சீரில் பரப்ப மாட்டாள். இப்போது பெயர் ஏறாமல் எட்டுக் கூஜா பாக்கி இருக்கிறது. அதில் நம்பர் வெட்டலாமா என்று அந்த எட்டுப் பேரிடமும் இந்தத் தடவை நானே வீடு வீடாகப் போய்க் கேட்கப்போகிறேன். மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

துரை வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போடிக்குப் போய், அந்தப் பெயர் வெட்டுகிறவரை உளியோடு கூட்டிவர வேண்டும். மதினியின் கூஜா பெட்டியிலேயே இருக்கட்டும். திங்கட்கிழமை காலை, சொட்டை விழுந்த என்னுடையதில் சாயா ஊற்றி, துணி சுற்றி, அவள் குப்பி வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு ஃபாக்டரிக்குப் போவேன். பத்து மணிக்குச் சவுக்கு மரத்தடியில் போய்ப் பார்க்க வேண்டும், எதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று.