கேபிள் வாங்கப் போன ஜாடி

புதன்கிழமை, காலை 7.40. ஆயர் ஈத்தாமில் பேருந்து ஏறியபோது என் கையில் ஒரு ஜாடி இருந்தது. ஒரு முழ உயரம், கரும்பச்சை நிறம், நல்ல பளபளப்பு. உடையாமல் இருக்க என் மனைவி கோமதி அதை வெள்ளைத் துண்டால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். ஜொகூர் பாருவில் இருக்கும் லார்க்கின் பேருந்து நிலையத்துக்கு ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு மலேசிய வெள்ளி. ஃபிளாஷ் கேபிள் வாங்கப் போகிறவனுக்கு ஜாடி எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கோமதி பதினோரு வருடமாக எங்கள் ஊர் மண்பாண்டப் பட்டறையில் வேலை செய்கிறாள். ஓய்வு நேரத்தில் தனக்கென்று ஏழு ஜாடிகள் செய்தாள். சிங்கப்பூரில் ஒரு கடைக்கு அவற்றை விற்க வேண்டும் என்பது அவள் ஆசை. படம் எடுத்து அனுப்பியது நான். ஜாடியின் வாய்க்குக் கீழே வெள்ளையாகத் தெரிகிறதே, சேதமா என்று கடைக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறு படம் வேண்டுமாம். ஜாடியில் ஒரு குறையும் இல்லை, கேமரா தலையில் உட்கார்ந்த ஃபிளாஷ் நேரே அடித்ததால் வந்த திட்டு, தப்பு என்னுடையது என்று கோமதியிடம் அடித்துச் சொன்னேன். அன்றிலிருந்து பத்து நாளாக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஃபிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடித்தால் திட்டு விலகிவிடும். அதற்கு ஃபிளாஷையும் கேமராவையும் இணைக்கும் கேபிள் வேண்டும். இணையத்தில் ஒன்று வாங்கி, என் கேமராவுக்குப் பொருந்தாமல் ஏமாந்திருந்தேன். இந்த முறை ஜாடியைக் கடையிலேயே வைத்துச் சோதித்துவிடுவது என்று கிளம்பினேன்.

பக்கத்து இருக்கை அம்மா வழியில் மச்சாப் ஊர் வரைக்கும் பேசவே இல்லை. துண்டைப் பார்ப்பதும் கால்களை ஒடுக்கிக்கொள்வதுமாக இருந்தார். சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் தணிந்த குரலில் கேட்டார்:

"யாரு தம்பி தவறிட்டாங்க?"

குனிந்து பார்த்தேன். வெள்ளைத் துணி, மடியில் ஜாடி, பேச்சில்லாத ஆள். கடலில் அஸ்தி கரைக்கப் போகிறவன் என்று நினைத்துவிட்டார்! விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, வீட்டுக்காரம்மாவுக்கு நல்ல கை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

9.25க்கு லார்க்கின். பசியாறிவிட்டு டவுன் பஸ் பிடித்து, ஒரு பழைய பேரங்காடியின் மூன்றாவது மாடிக்குப் போனேன். கேமராக் கடையில் இருந்தவர் மேகலா. சனி ஞாயிறுகளில் கல்யாணப் படம் எடுப்பவராம். கேமரா கம்பெனியின் சொந்தக் கேபிள் முந்நூற்று இருபது வெள்ளி. வயர்லெஸ் ஜோடி இருநூற்று அறுபது. வேறு கம்பெனிக் கேபிள் எழுபத்தெட்டு. பேரே இல்லாத ஒன்று முப்பத்தைந்து. நான் ஒதுக்கியிருந்தது நூறு வெள்ளி. ஆனாலும் கண் வயர்லெஸ் பக்கமே போனது.

"ஜாடி எழுந்து ஓடப் போறதில்லண்ணே, வயர்லெஸ் எதுக்கு? பேட்டரிய வேற மாத்திக்கிட்டே இருக்கணும் லா," என்றார் மேகலா.

முப்பத்தைந்து வெள்ளிக் கேபிளை மாட்டினோம். ஃபிளாஷ் அடித்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் முழு பலத்தோடு. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேமரா சொல்வது அதன் வழியாகப் போய்ச் சேரவில்லை. எழுபத்தெட்டு வெள்ளியில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அட்டையில் மூன்று மீட்டர் என்று போட்டிருந்தாலும் சுருள் ஒயர் அல்லவா, அதிகம் இழுத்தால் ஃபிளாஷைச் சாய்த்துவிடும், ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அதுவே தாராளம்.

ஃபிளாஷை இடப்பக்கம் பிடித்து எடுத்தேன். திட்டு போயே போய்விட்டது. பச்சைக்கு ஓர் ஆழம் வந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். திட்டு இருந்த அதே இடத்தில், வாய்க்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு கோடு. முடி ஒட்டியிருக்கிறது என்று துடைத்தேன். நகம் தட்டியது. விரிசல்.

மேகலா ஃபிளாஷை வாங்கி, ஜாடிக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். மறுபடி எடுத்தேன். கோட்டைக் காணோம்.

"எது வேணும்னு நீங்கதாண்ணே சொல்லணும்," என்றார்.

எழுபத்தெட்டு வெள்ளிக் கேபிளை வாங்கிக்கொண்டு 1.15 பேருந்தில் திரும்பினேன். டிக்கெட் அதே பன்னிரண்டு வெள்ளி, அதே சாலை. கேமராவில் இரண்டு படங்கள். பத்து நாள் திட்டு வாங்கியது எனக்குப் பாரமாகவே இல்லை. தப்பு உன்னுடையதுதான் என்று கோமதியிடம் எப்படிப் போய்ச் சொல்வது? மேலிருந்து எடுத்ததை மட்டும் காட்டினால் போதும், கேபிளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கலாம். ஆயர் ஈத்தாம் வரும்வரை எனக்கு முடிவு வரவில்லை.

மூன்று மணிக்கு வீடு. அவள் கை நீட்டியதும் இரண்டையும் காட்டிவிட்டேன். கோமதி ஜாடியை வாங்கி நகத்தால் தேடினாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"சூடு ஆறுறதுக்கு முன்னாடியே சூளைய தொறந்துட்டேன். பாக்கணும்னு ஆச," என்றாள்.

மேலிருந்து எடுத்ததை அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்று நான் சொன்னேன். சொன்னது நான்தான், உங்களிடம் மறைக்கவில்லை.

"வாங்குறவங்க வீட்டுல ஜாடிக்குப் பக்கத்துல விளக்கு இருக்காதாங்க?"

எழுந்து போய் மற்ற ஆறையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி, பக்கத்திலிருந்தே வெளிச்சம் அடித்து எடுத்தோம். மூன்று தேறின. அன்று மாலையே மூன்றின் படங்களும் சிங்கப்பூருக்குப் போய்விட்டன.

என்னோடு ஜொகூர் பாரு போய் வந்த ஜாடி கூடத்தில் நிற்கிறது. விரிசலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அது முன்பக்கம் திரும்பியிருந்தது.